தாக்கினால் காப்பு கலையும்

சித்தேரி
21.7.2024, ஞாயிறு

மாதவராஜ் சாருக்கு,

வணக்கம். நாம் பேசி ஆறு வாரம் ஆகிறது. எனக்கு மாறுதல் கிடைத்து மலைக்கு வந்துவிட்டதை உங்கள் வீட்டில் கோகிலா சொல்லியிருப்பார். இங்கே பள்ளிக்கூடத்தைச் சுற்றி டவர் கிடைப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், காற்றடித்தால் அதுவும் போய்விடும். ஆனால் கடிதம் எழுதுவதற்கு அது மட்டும் காரணமில்லை. போனில் நீங்கள் என்னைவிட வேகமாகப் பேசுவீர்கள். நான் பாதியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவேன். தாளில் அது நடக்காது.

விடுதியில் சமைக்கிற மாதம்மாள் அக்கா நேற்று கேட்டார், "அரூர்ல ஞாயித்துக்கெழமயில என்ன டீச்சர் பண்ணுவீங்க?" என்று. சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள், கோகிலா, கோவிந்தன் அண்ணன், நான் என்று நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் நடுவர். அவர் ஒரு நாட்டைக் கற்பனையாக உண்டாக்கி, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வார். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்த நாட்டில் நடமாடுவோம். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வோம். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். சண்டைக்கும் மந்திரத்துக்கும் புத்தகத்தில் விதி இருக்கும். விதியில் சந்தேகம் வந்தால் நடுவர் சொல்வதுதான் முடிவு. அக்கா வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நடுவரு தப்பா சொன்னா?" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி நடந்ததை என் நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள். கோவிந்தன் அண்ணனின் பாத்திரமான சாத்தன் பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் நிற்கிறான். என் மந்திரக்காரி தாழை அவன்மேல் நிழற்காப்பு போட்டிருக்கிறாள், அதனால் எதிரிகளின் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான். எதிரிப் படை கயிற்றுப் பாலத்தில் வந்துகொண்டிருக்கிறது. சாத்தன் பாலத்தின் கயிற்றை வெட்டுகிறான். பாலம் அறுந்து படை விழுகிறது. நீங்கள் உடனே, "தாக்கிட்டான், காப்பு கலைஞ்சுது" என்றீர்கள். எதிர்க்கரையில் இருந்த மூன்று வில்லாளிகள் அவனைப் பார்த்தார்கள். அம்பு விட்டார்கள். நான்கு வருடம் ஆடிய பாத்திரம் நாலு நிமிடத்தில் செத்துவிட்டது.

அண்ணன் பகடையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. நானும் உங்களோடு சண்டை போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அவன் வெட்டியது கயிற்றை. யாரையும் தொடவில்லை. தீர்ப்பை மாற்றுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுசித்ரா

*

அரூர்
29.7.2024

டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை, ஒரு விடுபடல் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் உங்களைத்தான் கேட்டேன். "டீச்சர், நோட்டுல என்ன போட்டிருக்கு?" என்றேன். புத்தகத்தைத் தமிழாக்கியவர் நீங்கள். ஒன்றரை வருடம் உட்கார்ந்து நீள நோட்டில் எழுதினீர்கள், கோவிந்தன் அண்ணன் அவரே படித்துக்கொள்ள வேண்டும் என்று. நீங்கள் நோட்டை எடுத்து வாசித்தீர்கள்: "காப்புக்குள் இருப்பவர் தாக்கினால் காப்பு கலையும்." யாரைத் தாக்கினால், எதைத் தாக்கினால் என்று அதில் இல்லை. நீங்களும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் படியிறங்கிப் போன பிறகுதான் என்மேல் பாய்ந்தீர்கள்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதன் அறுபத்தோராம் பக்கத்தில் ஓர் உதாரணமும் இருக்கிறது. நிழற்காப்பில் இருப்பவன் எதிரி தூங்கும் கூடாரத்துக்குத் தீ வைக்கிறான், காப்பு கலைகிறது. அவனும் யாரையும் தொடவில்லை, துணியைத்தான் கொளுத்தினான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நான் நிலம் அளக்கிறவன். ஒவ்வொரு சர்வேயிலும் ஒருவர் சிரித்துக்கொண்டு போவார், ஒருவர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போவார். தூற்றுகிறார் என்பதற்காகக் கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட முடியாது. மேசையிலும் அப்படித்தான். வருத்தப்படுகிறவருக்காகத் தீர்ப்பை மாற்றினால் அடுத்த வாரம் பகடையே தேவையில்லை.

அண்ணனுக்கு நானும் இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடி அறை சும்மா கிடக்கிறது.

ஆங்கிலப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது. முடிந்தால் அரூர் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.

மாதவராஜ்

*

சித்தேரி
6.8.2024

மாதவராஜ் சாருக்கு,

புத்தகத்தை இப்போது அனுப்ப முடியாது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாசித்த வரி சரி. நான் எழுதிய வரிதான் சரியில்லை. ஆங்கிலத்தில் ஒன்பதாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் 'தாக்குதல்' என்று எங்கே வந்தாலும், ஒருவரைக் குறிவைத்து, பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பதையே குறிக்கும் என்கிறது அந்தப் பத்தி. அதை நான் தமிழாக்கவே இல்லை. தாக்குவது என்றால் என்னவென்று யாருக்குத் தெரியாது, இதைப் போய் விளக்குவானேன் என்று தாண்டிப் போய்விட்டேன். அது மட்டுமில்லை. ஆங்கிலத்தில் நாலு வேறு சொல்லாக இருப்பதை எல்லாம், குறிவைத்துத் தாக்குவது, காயப்படுத்துவது, மேலே விழுவது, அடிக்க முயல்வது, எல்லாவற்றையும் 'தாக்கு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவைத்திருக்கிறேன். எழுதும்போது அது எளிமை என்று நினைத்தேன்.

சாத்தன் கயிற்றை வெட்டியபோது யாரும் பகடை உருட்டவில்லை. நீங்களே "கயிறுதானே, உருட்ட வேண்டாம், அறுந்துடுச்சு" என்றீர்கள். அப்படியானால் புத்தகத்தின்படி அது தாக்குதல் இல்லை. காப்பு கலைந்திருக்கக் கூடாது.

பிழை உங்களுடையது அல்ல, நோட்டுடையது என்று சொல்லித் தீர்ப்பை மாற்றலாம். உங்களுக்கு மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சுசித்ரா

*

அரூர்
14.8.2024

டீச்சருக்கு,

எனக்கு மரியாதையோடு தப்பிக்க ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அந்த வாசல் வழியாக நான் போக முடியாது.

ஒன்பதாம் பக்கம் நீங்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும். அப்படியானால் அறுபத்தோராம் பக்கத்துக் கூடாரம்? தீ வைத்தவனும் பகடை உருட்டவில்லை. காப்பு கலைந்தது என்று அதே புத்தகம் சொல்கிறது. ஆக, புத்தகமே தன்னோடு ஒத்துப்போகவில்லை. எழுதியவர் ஓரிடத்தில் ஒன்றை நினைத்தார், இன்னோரிடத்தில் வேறொன்றை நினைத்தார். இப்படி இடிக்கும்போது நடுவர் என்ன செய்ய வேண்டும்? சாதாரண ஆளுக்கு எது நியாயமாகப் படுமோ அதைச் செய்ய வேண்டும்.

நீங்கள் இருக்கும் மலையிலேயே பாறையில் கயிறு கட்டித் தொங்கித் தேன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தொங்கும்போது மேலே இருப்பவன் கயிற்றை அறுத்தால், அவன் அறுத்தது கயிற்றையா, ஆளையா? அவர்களில் ஒருவரைக் கேளுங்கள். பகடை, மந்திரம் எதையும் சொல்ல வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள். அவர் "கயிற்றை" என்று சொன்னால் நான் தீர்ப்பை மாற்றுகிறேன்.

மாதவராஜ்

*

சித்தேரி
25.8.2024, ஞாயிறு

மாதவராஜ் சாருக்கு,

கேட்டேன். எங்கள் பள்ளி வாட்ச்மேன் நாகன் தேனுக்குப் போகிறவர். கேள்வியைச் சொன்னதும் பீடியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

"தொங்கறது தெரிஞ்சு அறுத்தானா, தெரியாம அறுத்தானா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப ஆளத்தானுங்க டீச்சர் அறுத்தான். கவுறு அவன என்ன பண்ணிச்சு?"

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நாகன் சொன்ன பிறகு எனக்கும் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. பாலத்தில் ஆள் வருவது தெரிந்து வெட்டினால் அது தாக்குதல்தான்.

இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம். ஒரு வாரமாக முடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

போன வருடம் மே மாதம் ஏரிக்கரைச் சண்டை. அன்றைக்கு நிழற்காப்பில் இருந்தது தாழை. எதிரிகள் ஏரிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். நான் மதகைத் திறந்துவிட்டேன். கூடாரத்தோடு அடித்துக்கொண்டு போனார்கள். காப்பு கலையுமா என்று அப்போதே உங்களைக் கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, "நீங்க தொட்டது மதகத்தானே, ஆள இல்லயே" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினோம். கோவிந்தன் அண்ணன் எழுந்து நின்று தட்டினார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நாம் சொல்லிக் காட்டுகிற கதை அதுதான்.

மதகைத் திறப்பது தாக்குதல் இல்லை, பாலத்தை வெட்டுவது தாக்குதல். நாகனிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இது இப்போது ஞாபகம் வந்ததாக எழுதினால் பொய். அன்றைக்கே மேசையில் ஞாபகம் வந்தது. நீங்கள் தீர்ப்புச் சொன்னதும் கோவிந்தன் அண்ணன் விரலை மேசையில் ஊன்றிக்கொண்டு, "ம… ம…" என்று ஆரம்பித்தார். உங்களுக்கும் கேட்டிருக்கும். அந்த எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மதகு. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லை வேறு யாரும் முடித்துவைக்கக் கூடாது என்று நாம் நால்வரும் வழக்கம் வைத்திருக்கிறோம் இல்லையா, அவர் அவமானப்படக் கூடாது என்று? அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மதகுப் பேச்சு வந்தால் என் கதை கெட்டுப்போகும். கைதட்டல் வாங்கியது செல்லாது என்று ஆகிவிடும். அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் "சரி, முடிஞ்சுது" என்று பகடையை எடுத்து வில்லாளிகளுக்காக உருட்டிவிட்டீர்கள்.

அவர் போன பிறகு உங்கள்மேல் பாய்ந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சுசித்ரா

*

அரூர்
4.9.2024

சுசித்ரா டீச்சருக்கு,

"மதகு விஷயம் எனக்கு நினைவே இல்லை" என்று ஒரு கடிதம் எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன். காலையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு மேசையில் நினைவு வரவில்லை, அது உண்மை. ஆனால் பத்து நாள் கழித்து வந்தது. ஓர் ஏரியில் எல்லை பார்க்கப் போயிருந்தோம். மதகுத் தூண்மேல் நின்று டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சுரீரென்று உறைத்தது. அப்போதே உங்களையோ அவரையோ கூப்பிட்டிருக்கலாம். மாறாக, மதகும் பாலமும் எப்படி வெவ்வேறு என்று மனதுக்குள் வாதம் தயாரிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் தானாக ஓடுகிறது, பாலம் தானாக விழவில்லை, இப்படி. உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின்போது எனக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாலத்தில் வந்த படைத்தலைவனுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவன் பாலத்தைத் தாண்டி வந்து உங்கள் மூவரோடும் பேச வேண்டும், ஒரு பேரம் வைக்க வேண்டும், அதில் நீங்கள் திணற வேண்டும். அண்ணன் ஒரே வெட்டில் எட்டுப் பக்கத்தையும் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம். "தாக்கிட்டான்" என்று என் வாயில் வந்தது விதி இல்லை, அந்தக் கோபம்தான். அதற்குப் பிறகுதான் விதியைத் தேடினேன். விதியும் கிடைத்தது. தேடினால் கிடைக்காத விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை போலிருக்கிறது.

போன ஞாயிறு கம்பைநல்லூர் போனேன். அண்ணன் பட்டறையில்தான் இருந்தார், ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூல் போட்டு டீ வரவழைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் ஒன்பதாம் பக்கம், அறுபத்தோராம் பக்கம், உங்கள் நோட்டு, என் சிரமம் என்று இருபது நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் செம்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "விடுங்க சார். வெ… வெளையாட்டு தானுங்களே" என்றார். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் கோகிலா, "நீங்க மன்னிப்புக் கேக்கப் போனீங்களா, அப்பீலுக்குப் பதில் சொல்லப் போனீங்களா?" என்றாள்.

எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாதவராஜ்

*

சித்தேரி
12.9.2024

மாதவராஜ் சாருக்கு,

"விளையாட்டுதானே" என்று அவர் சொன்னதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். நம் நால்வரில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதவர் அவர்தான்.

முதல் வருடம், ஓடக்காரன் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் ஓடக்காரனாகப் பேசினீர்கள். சாத்தன் கூலி பேசினான். பத்து நிமிடம். கேலி செய்தான், மிரட்டினான், பழைய பாட்டு ஒன்றை இழுத்துவிட்டுக் கூலியைப் பாதியாக்கினான். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாம் யாரும் அசையவில்லை, அசைந்தால் நின்றுவிடுமோ என்று. ஆட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது, "போ… போயிட்டு வ… வரனுங்க" என்றார். அதைப் பற்றி நாம் அவரிடமும் பேசியதில்லை, நமக்குள்ளும் பேசியதில்லை. ஆனால் அன்று முதல் எந்த ஞாயிறும் யாரும் லீவு போடவில்லை.

கம்பைநல்லூரில் அவருக்கு மோட்டார் இருக்கிறது, வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். பாதி வார்த்தையிலேயே புரிந்துகொண்டு "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று போகிறவர்கள். முழுவாக்கியம் பேசுவதற்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதை நாம் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். ஒருவர் அவசரப்பட்டு, ஒருவர் பேசாமலிருந்து.

அவர் உங்களை சார் என்கிறார், என்னை டீச்சர் என்கிறார். சாரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நோட்டை மூடியபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

இத்துடன் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் என்ன தீர்ப்பு, பாலத்தில் என்ன தீர்ப்பு, அவர் சொல்ல வந்த சொல் எனக்குத் தெரிந்தும் நான் ஏன் சொல்லவில்லை, எல்லாம் எழுதியிருக்கிறேன். பூசி மெழுகவில்லை. அவர் கையில் கொடுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி. நானே வரவேண்டும், ஆனால் காலாண்டுத் தேர்வு, விடுதியிலும் ஆளில்லை.

சாத்தனை உயிரோடு எழுப்புவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தர்மம் போடுவது மாதிரி ஆகிவிடும்.

சுசித்ரா

*

அரூர்
24.9.2024

அன்புள்ள சுசித்ரா,

ஞாயிற்றுக்கிழமை நானும் கோகிலாவும் கம்பைநல்லூர் போனோம். அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை, ஆனால் அவசர வேலை என்று ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார். தாளைக் கொடுத்தேன். வார்னிஷ் கையைத் துடைத்துவிட்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்று படித்தார். இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பிறகு பேசினார். ரொம்ப நேரமானது. பல இடத்தில் நின்றார். நான் கையை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதை இங்கே தொடர்ச்சியாக எழுதுகிறேன், நின்ற இடங்களை விட்டுவிட்டு.

"செத்ததுக்கு நான் வருத்தப்படலைங்க சார். நாலு வருசத்துல எத்தன தடவ சாவப் பாத்திருக்கான். டீச்சருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமான்னு கேக்க வந்தேன். வாயில வரல. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டீங்க, முடிச்சிட்டீங்க. சரி, படிச்சவங்க வூட்டு வெளையாட்டு, நமக்கு ஒத்து வராதுன்னு வந்துட்டேன்."

கோகிலாதான், "இப்ப எப்படிங்கண்ணா சரி பண்றது?" என்று கேட்டாள்.

அவர் மறுபடியும் உங்கள் தாளை எடுத்தார். அதில் நாகன் சொன்னதையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் போல. "இந்த ஆளு சொல்றதுதான் சரி. தெரிஞ்சு வெட்டுனா ஆள வெட்டுன மாதிரிதான். மதகும் அதேதான். நோட்டுல அப்படியே எழுதுங்க, எல்லாத்துக்கும் ஒண்ணா. ஆனா சார், அன்னைக்கு எனக்கு அந்தச் சட்டம் தெரியாது. மதகுல சொன்னத நம்பித்தான் வெட்டுனேன். வெட்டுனா வெளிய தெரிஞ்சிருவோம்னு முன்னாடியே சொல்லிருந்தா சாத்தன் என்ன பண்ணியிருப்பான்? அத வெளையாடணும்."

பகடைப் பை பட்டறை அலமாரியில், ஸ்க்ரூ டிரைவர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயே, மோட்டார்களின் ஸ்டேட்டர் கூடுகளை ஓரம் தள்ளிவிட்டு, பெஞ்சின் மேலேயே ஆடினோம். உங்கள் தாழைக்காகக் கோகிலா பேசினாள். நான் காட்சியை வெட்டுக்கு முன்னாலிருந்து சொன்னேன். பாலத்தில் படை. எதிர்க்கரையில் மூன்று வில்லாளிகள். கயிற்றை வெட்டினால் காப்பு கலையும், மூவருக்கும் நீ தெரிவாய், ஓடுவதற்கு இடமில்லை. ஒதுங்கிப் போக இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. என்ன செய்கிறாய்?

சாத்தன் தாழையைப் பார்த்துப் பேசினான். திக்காமல். அந்தக் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. "நீ பின்னால போ புள்ள. பின்னால இருக்கற ஊர்ல ஒருத்தனுக்கும் இவனுங்க வர்றது தெரியாது. நீ போய்ச் சொல்லு. நான் இதோ வந்துடறேன்னு சொன்னா நம்பாத." சொல்லிவிட்டு, "வெட்டறேன்" என்றார்.

பாலம் விழுந்தது. நான் எட்டுப் பக்கத்தை வீட்டிலேயே கிழித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வில்லாளிகளுக்கு நான் உருட்டவில்லை. பகடையை அவர் கையிலேயே கொடுத்தேன். பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் அம்பு படும். முதலாவது ஏழு. கோகிலா மூச்சை விட்டாள். இரண்டாவது பதினேழு. மூன்றாவது உருண்டுபோய் செம்புக் கம்பிச் சுருளில் சாய்ந்து நின்றது, செல்லாது என்று அவரே எடுத்து மறுபடி உருட்டினார். பத்தொன்பது.

செத்துவிட்டான். அன்று செத்த அதே இடத்தில், அதே அம்புகளால்.

அண்ணன் பகடையை எடுத்துப் பையில் போட்டார். "இப்ப ச… சரிங்க சார்" என்றார். அவர் முகத்தில் எந்தக் கசப்பும் இல்லை. கோகிலாதான் அழுதாள்.

டீ குடித்தோம். கிளம்பும்போது, அடுத்து யாராக ஆடப்போகிறீர்கள் என்று கேட்டேன். யோசித்து வைத்திருக்கிறார். ஒரு மந்திரக்காரன். பெயர் இன்னும் வைக்கவில்லை. "இவனுக்கும் எ… என்ன மாதிரியே திக்கும். ஆடலாமுங்களா?"

ஆடலாம் என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் புத்தகத்தின் அந்த வரி ஞாபகம் வந்தது. மந்திரம் சொல்பவர் தன் முறைக்குள் அதை வாய்விட்டு, பிழையில்லாமல் சொல்லி முடிக்க வேண்டும். உங்கள் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. திக்குவது பிழையா? முறை முடிவதற்குள் சொல்லி முடிக்காவிட்டால் மந்திரம் போயிற்றா? ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை.

மாதவராஜ்

பி.கு.: மதகு, பாலம் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வரி நோட்டில் எழுதியாகிவிட்டது. கோவிந்தன் அண்ணன் சொல்லச் சொல்ல, அவர் சொல்லிலேயே. — கோகிலா

*

சித்தேரி
1.10.2024

அன்புள்ள மாதவராஜ் சாருக்கு,

உங்கள் கடிதத்தை விடுதித் திண்ணையில்கூட உட்காராமல் நின்றுகொண்டே படித்தேன். சாத்தனுக்காக ரொம்ப நேரம் வருந்தினேன். அவன் தாழையைப் "புள்ள" என்று கூப்பிட்டானா? இத்தனை வருடத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மதகு இனிமேல் செல்லாது என்பதில் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

புத்தகத்தைத் தேடிவிட்டேன். முதலில் ஒன்பதாம் பக்கத்தைத்தான் பார்த்தேன், இந்த முறை சின்ன எழுத்தையும் விடாமல். ஆங்கிலத்தில் 'பிழையில்லாமல்' என்பதே இல்லை. 'தெளிவாக' என்றுதான் இருக்கிறது. பிழை என்பது நான் சேர்த்தது. எழுதுகிறபோது பள்ளிக்கூடத்து நாக்கு முந்திக்கொண்டிருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

தெளிவாகச் சொல்வது என்றால் என்ன? ஓர் எழுத்தில் நின்று, பிறகு அதே சொல்லைச் சரியாகச் சொன்னால் அது தெளிவா, இல்லையா? ஒருவரின் முறை எத்தனை விநாடி? யார் கணக்கெடுப்பது? எதற்கும் அதில் விளக்கம் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினேன். இதை எழுதியவருக்கு இப்படி ஒருவர் மந்திரம் சொல்ல வருவார் என்று தோன்றவே இல்லை.

எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். இரண்டையும் இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். பகடையைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், அந்த மந்திரக்காரனை ஆடப்போகிறவரைக் கேட்போம். அவர் தனக்குக் கஷ்டமான அர்த்தத்தையே எடுத்தாலும் எடுப்பார், பாலத்தில் செய்ததுபோல. எதுவானாலும் அது நால்வருக்கும் பொருந்த வேண்டும், நோட்டில் ஏறிய பிறகுதான் ஆட்டம்.

தேர்வு முடிந்துவிட்டது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன், பதினோரு மணிக்குள் அரூர் வந்துவிடுவேன். புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். அண்ணன் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால் இந்தக் கேள்வியை ஆரம்பித்துவிடுங்கள், எனக்காக நிறுத்த வேண்டாம். படியேறி வரும்போது அவர் பேசிக்கொண்டிருந்தால், முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

சுசித்ரா